தெரியாதுங்க, பாஷா

கெய்ரோவில் ஒரு குடும்பம் மானமுள்ள குடும்பமா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமென்றால், அது நீதிபதியிடம் கேட்காது. பள்ளிவாசல் இமாமிடமும் கேட்காது. அந்தக் குடும்பம் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ச்மேனிடம்தான் கேட்கும். யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள், எந்த வீட்டுக் குப்பையில் என்ன பாட்டில் கிடக்கிறது, எந்த மாப்பிள்ளை பெட்டியோடு இறங்கிப் போனான், எத்தனை நாள் கழித்து அதே பெட்டியோடு ஏறி வந்தான் என்பதெல்லாம் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தானே தெரியும். விசாரிக்க வருபவர், 'பாஷா' என்ற மரியாதை அழைப்போடு ஒரு டீயும் வாங்கிக் குடித்துவிட்டுக் குறித்துக்கொண்டு போவார். வாட்ச்மேன் சொன்னது கோப்பில் ஏறி, முத்திரை வாங்கி, உண்மை ஆகிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாட்ச்மேனுக்கே ஒரு மகள் பிறந்து, அவள் சட்டம் படித்து, அரசாங்கச் சட்டப் பணிக்கு மனுப் போட்டால் யாரிடம் போய் விசாரிப்பது என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

நைல் ஆற்றுக்கு நடுவே இருக்கும் மனியல் தீவில், ஆறு மாடியும் பன்னிரண்டு வீடும் நினைத்தால் ஓடும் ஒரு லிஃப்டும் கொண்ட பழைய கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன் ஷாஸ்லி ஸாலிஹ். அவருடைய மகள் நப்ரா வகுப்பில் நான்காவதாகத் தேறியவள். எழுத்துத் தேர்வு முடிந்தது. நேர்காணலும் முடிந்தது. நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாராம்:

"நூபியாவா நீங்க? நல்ல மனுஷங்க. எங்க வீட்டுச் சமையல்காரர்கூட அந்தப் பக்கம்தான்."

"நான் விசாரிச்சதா அவருகிட்ட சொல்லுங்க சார்" என்றாளாம் நப்ரா.

இதைச் சொன்னபோது ஷாஸ்லி அவசரமாகக் கேட்டார்: "நீ சிரிச்சியா, அவரு சிரிச்சாரா?"

"யாரும் சிரிக்கல பாபா."

அவள் அப்படித்தான். கல்லூரிக்குப் போன முதல் வாரம் ஒருத்தி, "உங்க ஊர்ல வீட்டுக்குள்ளயே முதலை வளப்பீங்களாமே?" என்று கேட்டதற்கு, "ஆமா, எங்களோடது இப்ப மூணாம் வருஷம் படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தவள். ஷாஸ்லிக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. தன் பக்கத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி பாக்கி விசாரணை மட்டும்தான். ஆள் வருவார். எப்போது, எந்த வேஷத்தில் என்று சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர் போல வரலாம், வீடு வாடகைக்குத் தேடுபவர் போல வரலாம். கட்டடத்து முகவரியை எழுதிக்கொடுத்தாயிற்று. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை மனுதாரர் நிரப்பக் கூடாது. விசாரணை அதிகாரிதான் நேரில் அறிந்து நிரப்புவார். அந்தக் கட்டத்தில் 'வாட்ச்மேன்' என்று விழுந்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். வாட்ச்மேன் வாய்ச்சொல்லை அரசாங்கம் நம்பும். வாட்ச்மேன் பெற்ற பிள்ளையை நம்பாது.

அன்றிலிருந்து ஷாஸ்லி சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் நிழல் விழுந்தால் எழுந்து நின்றார். பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், மூன்றாம் மாடிக்குத் தொட்டி மீன் கொண்டுவந்தவர் என்று மூன்று பேரை விசாரணை அதிகாரி என்று நினைத்து உபசரித்தார். மீன்காரர் இரண்டு டீ குடித்துவிட்டு, இப்படி ஒரு கட்டடத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவி ஷாயா வேறு வழியில் ஏற்பாடு செய்தாள். ஆற்றுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத சனங்களுக்கு முதல் கவளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். பால் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மனியல் பாலத்துக்குப் போனாள். கஞ்சி சரியான இடத்தில் விழ வேண்டுமே என்று கம்பிக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே எட்டிவிட்டாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, வீட்ல என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல தம்பி. பொண்ணுக்கு வேலை."

போலீஸ்காரர் அவளை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். சீருடை வாசலில் வந்து நின்றதைப் பார்த்து ஷாஸ்லி நான்காவது முறையாக டீ போட்டார்.

இரண்டாம் மாடி மதாம் நெவினுக்கு விஷயம் தெரிந்ததும், அதைத் தன் விஷயமாக எடுத்துக்கொண்டாள். அவள் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். யாரையும் திருத்தாமல் ஒரு நாள் போனால் அவளுக்குத் தூக்கம் வராது.

"இதோ பாரு ஷாஸ்லி. நீ வாயே தொறக்காத. வர்ற ஆளை மேல என்கிட்ட அனுப்பு. என் கொழுந்தனாரு பிரிகேடியரா இருந்தவரு. நப்ராவை அவரு தத்து எடுத்த மாதிரின்னு சொல்லிடறேன்."

ஷாஸ்லி பதில் சொல்வதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்த நப்ரா நின்றாள்.

"ரொம்ப நன்றி மதாம். எனக்கு ஒரு அப்பா போதும்."

"பிடிவாதம் பிடிக்காத பொண்ணே. ஒரு வார்த்தைதானே."

"அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டு, அப்புறம் கோர்ட்ல நின்னு மத்தவங்களை உண்மை சொல்லு உண்மை சொல்லுன்னு கேக்கணும். சிரிப்பு வந்துடும் மதாம்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "பாபா, அந்த ஆள் வந்தா இருக்கறதை சொல்லு. வேலை கிடைக்குது, கிடைக்கல, அது என் பாடு. என்னை மட்டும் மறைச்சிடாத."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் 'மறைச்சிடாத' என்ற சொல் ஷாஸ்லியின் உள்ளே எங்கோ போய்த் தைத்தது. நப்ராவுக்குப் பெரியப்பாவைப் பற்றித் தெரியாது. ஷாஸ்லி சொன்னதே இல்லை.

அஸ்வானில் நைலுக்குக் குறுக்கே அணை கட்டி நூபியர்களின் ஊரை மூழ்கடித்தபோது ஷாஸ்லிக்கு நான்கு வயது. அண்ணன் பஷீருக்கு ஏழு. அப்பா ஸாலிஹ் அப்போதே கெய்ரோவில் இதே கட்டடத்தில், இதே பெஞ்சில் இருந்தார். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் மற்றவர்களோடு கப்பலில் ஏறி, பாலைவன ஓரத்தில் கட்டி முடிக்காத ஒரு சிமெண்டு வீட்டில் போய் இறங்கினார்கள். கதவு எண் இருந்தது, கதவு இல்லை. ஆறு கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை. கைக்குழந்தை தஹப் அந்த முதல் கோடையைத் தாண்டவில்லை. அந்த ஆண்டு அந்தத் தெருவில் எந்தத் தொட்டிலும் தாண்டவில்லை. ஸாலிஹுக்குத் தந்தி வந்தது. ஏழாம் நாள் அவர் வந்து, மகன்கள் இருவரையும் கெய்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பஷீர் பதினெட்டு வயதில் அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டான். அப்போதெல்லாம் மனுதாரரே நிரப்ப வேண்டிய கட்டத்தில், யாரோ சொன்னார்கள் என்று 'தந்தை: விவசாயி' என்று எழுதினான். விசாரணைக்கு ஆள் வந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கேட்டார். அந்த வாட்ச்மேன் ஸாலிஹ்தான்.

"பஷீரா? நல்ல பையன் பாஷா. ஊர்ல அவங்க அப்பா பெரிய விவசாயி. அந்தக் குடும்பத்தோட எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல" என்றார் ஸாலிஹ்.

மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் வாளியோடு பஷீர் நின்றுகொண்டிருந்தான். அன்று மாலை அப்பாவை அவன் "ஸாலிஹ்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வாட்ச்மேனை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்றான். கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை. உண்மையை வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். பஷீர் லிபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து ஒரு சவப்பெட்டி வந்தது. ஸாலிஹ் அதைப் பற்றிக் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த பெஞ்சிலேயே இருந்து, அந்த பெஞ்சிலேயே இறந்தார். மறுநாள் காலை ஷாஸ்லி அதைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

அதனால் ஷாஸ்லி இந்த முறை ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். "நான்தாங்க பாஷா அவ அப்பா. இந்தக் கட்டடத்து வாட்ச்மேன்." குடியிருப்பவர்களின் கார்களைத் துடைக்கும்போது ஒவ்வொரு காரிடமும் சொல்லிப் பார்த்தார். நான்காம் மாடி டாக்டரின் ஃபியட்டிடம் சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை.

இருபத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயது, கையில் ஒரு பை கொய்யாப்பழம். ஷாஸ்லி முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார். மேலே பளபளவென்று பாலிஷ், குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் தேய்மானம். மாதச் சம்பளக்காரர், அதுவும் நிறைய நடக்கிறவர். இந்த முறை சந்தேகமே இல்லை.

"ஸலாம் அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம், பாஷா."

"ஒரு கல்யாண விஷயமா வந்தேன். இந்தக் கட்டடத்துல நப்ரா ஷாஸ்லி ஸாலிஹ்னு ஒரு பொண்ணு இருக்காமே. எப்படிப்பட்ட குடும்பம்?"

ஷாஸ்லி வாயைத் திறந்தார். வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் அந்த வாய்க்கு முப்பத்தொரு வருடப் பழக்கம் இருந்தது. ஜீவனாம்ச வழக்கில் ஐந்தாம் மாடிப் பொறியாளரைத் தேடி வந்த கோர்ட்டு ஆட்களிடம், இன்னொருவருடைய மனைவியைப் பற்றி விசாரித்த தனியார் ஆட்களிடம், பத்திரிகைக்காரர்களிடம், மாமியார்களிடம், கேட்டவர்கள் எல்லாரிடமும் அது ஒன்றையே சொல்லி வந்திருக்கிறது. கட்டடத்தில் யாரைப் பற்றியும் வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாது. அதுதான் தொழில்.

"தெரியாதுங்க, பாஷா" என்றது வாய்.

ஷாஸ்லி அதைக் கேட்டார். யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

"அவங்க அப்பா? ஷாஸ்லி ஸாலிஹ்?"

"கேள்விப்பட்டதில்லைங்க."

"நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"முப்பத்தொரு வருஷம்."

"அப்படியும் தெரியாதா?"

"புதுசா வந்தவங்களா இருக்கும், பாஷா."

வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "உங்க பேரு?"

சினிமாவில் வாட்ச்மேன்கள் எல்லாரும் கறுப்பாக இருப்பார்கள், எல்லாருக்கும் உஸ்மான் என்றுதான் பெயர் இருக்கும். தெருவில் போகிற பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். திருத்துவதை ஷாஸ்லி எப்போதோ விட்டுவிட்டார்.

"உஸ்மான்" என்றார்.

அதையும் குறித்துக்கொண்டு, கொய்யாப்பழப் பையை எடுத்துக்கொண்டு, வந்தவர் வலது பக்கம் திரும்பிப் போனார்.

லிஃப்டு மேலே போய்த் திரும்பி வரும் வரை ஷாஸ்லி அசையாமல் நின்றார். அவர் அப்பாவாவது மகனை நல்ல பையன் என்று சொன்னார், ஊரில் ஒரு தகப்பனையும் கொடுத்தார். தான் மகளையும் அழித்து, தகப்பனையும் அழித்து, கடைசியில் தன்னையும் அழித்துவிட்டு நிற்கிறோம் என்று புரிந்தது. அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பின்னால் வந்தது. இப்படி ஒரு பெண்ணே இந்த முகவரியில் இல்லை என்று கோப்பில் ஏறினால், நப்ரா பொய் முகவரி கொடுத்தவள். அரசாங்க வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பொய் எழுதிக் கொடுத்தவளை எந்தக் கோர்ட்டில் நிற்க விடுவார்கள்?

வாசலை விட்டு நகராதே என்பது ஸாலிஹ் அவருக்குச் சொல்லிவைத்த ஒரே விஷயம். நிலநடுக்கத்தன்று குடியிருந்தவர்கள் எல்லாரும் வீட்டு உடுப்போடு தெருவுக்கு ஓடியபோதுகூட ஷாஸ்லி வாசலில்தான் நின்றார். இப்போது கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் ஓடினார்.

காய்கறிக் கடை வரைக்கும் ஆளைக் காணோம். கடைக்காரி தக்காளியைத் துடைத்துக்கொண்டே, "கொய்யாப்பழம் வச்சிருந்தவரா? மித்வல்லி கடைக்குள்ள போனாரு. பழம் என்ன விலைக்கு வாங்கினாருன்னு கேளுங்க. என்கிட்ட வாங்கல" என்றாள்.

மித்வல்லி தெருவுக்கே துணி தேய்ப்பவர். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு புஸ்ஸென்று துணிமேல் ஊதி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவார். யோசிக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் அதிகத் தண்ணீர் எடுத்துக்கொள்வார். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மதாம் நெவின் தெரு முழுவதற்கும் பாடம் நடத்தி வைத்திருந்தாள் என்பது ஷாஸ்லிக்குத் தெரியாது. கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

"அப்ப ஷாஸ்லி ஸாலிஹ்னு ஒருத்தர் நிஜமாவே இருக்காரா?" என்று அதிகாரியின் குரல் கேட்டது.

புஸ். "இருக்காராவா? நல்லா கேட்டீங்க. அஸ்வான்ல பாதி அவரோடது."

"என்ன தொழில்?"

புஸ். இந்த முறை நீளமாக. "நிலம். தோப்பு. பேரீச்சை இருக்கு, மாந்தோப்பு ரெண்டு இருக்கு."

"இங்கதான் குடியிருக்காரா?"

"இங்க கொஞ்ச நாள், அங்க கொஞ்ச நாள். பெரிய மனுஷங்க எங்க இருப்பாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்."

"வாட்ச்மேன் உஸ்மான் அப்படி ஒருத்தரே இல்லங்கறாரே?"

மித்வல்லியின் வாயில் தண்ணீர் இல்லை. "எந்த உஸ்மான்?" என்றார்.

ஷாஸ்லி உள்ளே போனார். மித்வல்லிக்கு அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் தளரவில்லை.

"வாங்கண்ணே உஸ்மான். உங்க சட்டை சாயங்காலம்தான் கிடைக்கும்."

"நான் உஸ்மான் இல்ல மித்வல்லி."

"இல்லியா?"

"உனக்குத் தெரியும்." ஷாஸ்லி அதிகாரியின் பக்கம் திரும்பினார். தேய்த்து அடுக்கிய துணிகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். காரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் இப்போது ஒரு சொல்கூட நினைவில் இல்லை. "பாஷா, நான் பொய் சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல. வாய் சொல்லிடுச்சு. ஷாஸ்லி ஸாலிஹ் நான்தான். நப்ரா என் பொண்ணு. படிக்கட்டுக்கு அடியில இருக்கற ரூம்லதான் பொறந்தா, அங்கதான் படிச்சா. பொய் முகவரி இல்ல. வந்து பாருங்க, அவ புத்தகமெல்லாம் அங்கதான் இருக்கு."

பெட்டிக்கு அடியில் யாருடைய சட்டையோ தீய ஆரம்பித்தது. மித்வல்லி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது டாக்டரோடது" என்றார் மெதுவாக.

அதிகாரி ஷாஸ்லியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். மரத்தடியில் பாதிச் சுவர் ஒன்று இருந்தது. உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"மூணு பேரை விசாரிச்சேன். மருந்துக்கடைக்காரர் ஷாஸ்லி ஏற்றுமதி வியாபாரிங்கறாரு. இவரு நிலச்சுவான்தாருங்கறாரு. நீங்க அப்படி ஒரு ஆளே இல்லன்னீங்க. மூணுல உங்களோடதுதான் எழுத சுலபம்."

"அதை அடிச்சிடுங்க பாஷா."

"அடிக்கறேன். இந்த அஸ்வான் நிலம், அதுவாவது நெசமா?"

"இருந்துச்சு. இப்பவும் அங்கதான் இருக்கு. மேல முப்பது ஆள் ஆழத்துக்குத் தண்ணி."

அதிகாரி பேனாவைக் காதோரம் தேய்த்தார். அவர் கெட்டவர் போலத் தெரியவில்லை. அதுதான் ஷாஸ்லிக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"'நிலமுள்ள குடும்பம், அஸ்வான்'னு எழுதினா அது பொய் ஆகாது" என்றார் அதிகாரி. "யாரும் முங்கிப் பாக்கப் போறதில்ல. வாட்ச்மேன்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. நான் கேக்க வேண்டியதை கேட்டுட்டேன். என்ன எழுதட்டும், சொல்லுங்க."

ஷாஸ்லி நோட்டையே பார்த்தார். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். நிலம் இருந்தது உண்மை. மரங்கள் இருந்தது உண்மை. தஹப்பும் அந்த மண்ணில்தான் பிறந்தாள். மகள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடையில் நிற்பது கண்ணில் தெரிந்தது. யாராவது ஒருவர், என்றாவது ஒரு நாள், உங்க அப்பா யாரு என்று அவளைக் கேட்பதும் தெரிந்தது. அவள் பொய் சொல்ல மாட்டாள். அப்போது பொய்க்காரர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். அவளுக்குத்தான் முதலில் தெரியும். மாடிப்படித் திருப்பத்தில் நின்ற பஷீருக்குத் தெரிந்தது போல.

இவ்வளவையும் அவர் யோசித்து முடித்தார் என்று சொல்ல முடியாது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் முடித்தால் போதும் என்றும் இருந்தது.

"வாட்ச்மேன்னே எழுதுங்க."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன் பாஷா. எழுதிடுங்க."

அதிகாரி எழுதினார். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, "உங்க காய்கறிக் கடைக்காரி இதை என்ன விலைன்னு கேட்டா சொல்லாதீங்க" என்று எழுந்து போனார்.

ஷாஸ்லி திரும்பி வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. பெஞ்சில் நப்ரா உட்கார்ந்திருந்தாள். தான் பயிற்சிக்குப் போகும் சீனியர் வக்கீல் அலுவலகத்திலிருந்து பாதியில் வந்திருக்க வேண்டும். மடியில் கோப்புகள், காலடியில் யாருக்கோ வந்த கேஸ் சிலிண்டர்.

"எங்க போன? வாசல்ல நீ இல்லன்னதும் செத்துட்டன்னு நெனச்சேன். அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போன் போட்டுட்டு இருக்கா."

"அந்த ஆள் வந்தாரு."

நப்ரா எழுந்து நின்றாள்.

ஷாஸ்லிக்கு, வந்தார், வாட்ச்மேன் என்று சொன்னேன், எழுதிக்கொண்டு போனார் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. அதில் பொய்யும் இல்லை.

"முதல்ல உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். உஸ்மான் வரைக்கும் சொன்னார். பிறகு, கேட்காமலே பஷீரைப் பற்றியும் சொன்னார். வாளியைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார். இருபத்து மூன்று வருடமாக ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாமல் வளர்ந்தவள், கோப்புகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு நின்று கேட்டாள். நடுவில் மூன்றாம் மாடிக்காரர் வந்து, தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்.

"முப்பது ஆள் ஆழம்னு எப்படிச் சொன்ன? அளந்தியா?" என்றாள் கடைசியில்.

"ஒரு கணக்குதான்."

"வேலை கிடைக்காது பாபா."

"தெரியும்."

"கிடைக்கலன்னா கேஸ் போடுவேன்."

"வக்கீலுக்கு எங்க போறது?"

நப்ரா அவரையே பார்த்தாள். "பாபா. நான் என்ன படிச்சிருக்கேன்?"

ஆறு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. நப்ராவுக்குப் பின்னால் முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் தேறியவர்கள் இருந்தார்கள். நப்ரா இல்லை. ஷாயா அழவில்லை. அன்றும் கஞ்சி காய்ச்சிப் பாலத்துக்குப் போனாள். போலீஸ்காரர் இந்த முறை கிண்ணத்தை அவரே வாங்கி, எட்டிப் போட்டுவிட்டார். மதாம் நெவின் பத்து நாள் ஷாஸ்லியோடு பேசவில்லை. பதினோராம் நாள் இறங்கி வந்து, மனுவில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தான் பார்த்துத் தருவதாகச் சொன்னாள். மித்வல்லி தானும் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார்.

"மாந்தோப்பு ரெண்டுன்னே இருக்கட்டுமா, மூணாக்கிடலாமா?"

"அண்ணே, நீங்க துணி தேய்ங்க" என்றாள் நப்ரா.

வழக்கு தொடுத்ததால் விசாரணை அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் நப்ரா அதை வாசித்துக் காட்டினாள். "'தந்தை வாட்ச்மேன். இதை அவரே தாமாக முன்வந்து தெரிவித்தார். குடும்பத்தின் நடத்தை குறித்து அக்கம்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மகளைத் தகுதியற்றவர் எனச் சொல்ல வேறு காரணம் எதுவும் விசாரணையில் தெரியவரவில்லை.' இது போதும் பாபா. வேற காரணமே இல்லன்னு அவங்க ஆளே எழுதிக் கொடுத்துட்டாரு."

ஷாஸ்லி கவலையோடு தாளை எட்டிப் பார்த்தார். "முதல்ல தெரியாதுன்னு சொன்னேனே, அது எங்க?"

"அதை எழுதல."

"அப்ப இது தப்பான அறிக்கைதானே? ஜட்ஜுகிட்ட சொல்லிடணும் இல்ல?"

"பாபா," என்றாள் நப்ரா, "கோர்ட்ல நீ வாயே தொறக்காத."

முதல் வாய்தா அன்று ஷாஸ்லி கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். கோட்டு மதாம் நெவினின் கொழுந்தனாருடையது. நிர்வாக நீதிமன்றத்தின் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. நப்ரா சீனியரோடு உள்ளே போய்விட்டாள். ஷாஸ்லிக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. கதவோரம் நின்றார். யாராவது வந்தால் கதவைத் திறந்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது. அரை மணி நேரத்தில், அங்கே வந்துபோன எல்லாரும் அவர் அந்தக் கதவுக்கான ஆள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு வக்கீல் தன் தோல்பையை அவர் கையில் கொடுத்து, "பிடிங்க, காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார். இன்னொருவர் அங்கியை அவர் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

உள்ளே டவாலி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஐந்து பெயர் போனது. ஆறாவதாக, "நப்ரா ஷாஸ்லி ஸாலிஹ்" என்று மகள் பெயரும், தன் பெயரும், அப்பா பெயரும் ஒரே மூச்சில் வராந்தா வரைக்கும் கேட்டது.

ஷாஸ்லி தோல்பையைத் தரையில் வைத்தார். அங்கியை மடித்து அதன்மேல் வைத்தார். யாருடையதோ, காணாமல் போனால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று ஒரு கணம் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.